பல் பதிந்த ரொட்டி

தாஷ்கண்ட்,
நவம்பர் 6

மதிப்புக்குரிய சபோஹத் அக்காவுக்கு,

ஹுல்கரின் சலாம். நலமாக இருக்கிறீர்களா? இன்று நீங்கள் சாப்பிட்டீர்களா? மகளைப் பற்றிக் கேட்கவில்லை, உங்களைத்தான் கேட்கிறேன். கடிதத்தை இந்தக் கேள்வியோடுதான் தொடங்க வேண்டும் என்று மருத்துவர் மவ்லுதா சொல்லியிருக்கிறார். வீட்டில் ஒருத்தி சாப்பிட மறுக்கும்போது மற்றவர்களின் தட்டை யாரும் பார்ப்பதில்லையாம்.

எனக்கு இருபத்தைந்து வயது. நில அளவை அலுவலகத்தில் வரைபடப் பிரிவில் வேலை. அப்பா வெல்டிங் வேலை செய்பவர். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். ஆனாலும் நான்கு பேர் முன்னால் பேசச் சொன்னால் குரல் வராது. தொலைபேசி என்றால் இன்னும் மோசம். உங்கள் வீட்டுத் தொலைபேசி கணவரிடம் இருக்கிறது, பேசினால் உங்கள் மகள் ஓய்தின் காதில் விழும், அதனால் கடிதம் போதும் என்று நீங்கள் சொன்னதாகக் கேட்டபோது எனக்கு உள்ளூர நிம்மதியாக இருந்தது.

என் தங்கை ஜும்ரத்துக்குப் பத்தொன்பது வயது. போன வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் சாப்பாட்டை நிறுத்தினாள். மூன்று மாதம் இங்கே வார்டில் இருந்தாள். வீட்டுக்கு வந்து பத்து மாதம் ஆகிறது. இப்படிப் பிழைத்துத் திரும்பியவர்களின் வீட்டு ஆட்களில் ஐந்து பேரை மருத்துவர் கூப்பிட்டு, ஆறு சனிக்கிழமை உட்கார வைத்துப் பேசினார். உங்கள் வீடு மாதிரி வீடுகளுக்கு எழுதும் எங்களுக்கு இப்போது வழித்துணை என்று பெயர். "புத்தி சொல்லாதே. நீ செஞ்சதைச் சொல்லு. செய்யாததைச் சொல்லாதே" என்பது அவர் போட்ட விதி. வயதில் மூத்த உங்களுக்கு நான் புத்தி சொல்ல வேண்டியதில்லை என்பதால்தான் ஒப்புக்கொண்டேன்.

கோகந்த் நிறுத்தத்துக்கு வாடகைக் கார் ஓட்டும் சோபிர் அண்ணன் இதை உங்கள் பள்ளிச் சமையலறையில் கொடுப்பார். வாங்கும்போதே கேட்டார், "காதல் கடுதாசியா தங்கச்சி?" நான் பதில் சொல்வதற்குள் காரைக் கிளப்பிவிட்டார்.

உங்கள் நலம் வேண்டும்,
ஹுல்கர்


கோகந்த் அருகே,
நவம்பர் 19

தங்கச்சி ஹுல்கருக்கு,

நான் சுகம். உன் அப்பா அம்மா சுகமா? ஜும்ரத் சுகமா? நீ கேட்டதற்குப் பதில்: சாப்பிடவில்லை. முந்நூற்று இருபது பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு, பானையைச் சுரண்டிக் கழுவும்போதுதான் அது ஞாபகம் வந்தது.

பிள்ளைகள் எனக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், 'கதவு திறந்த பெரியம்மா'. முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு விரல்நுனி நுழையும் அளவுக்குச் சந்து. நான் சிரித்தால் அவர்களும் சிரிப்பார்கள், தட்டு காலியாகும். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் சாப்பிட வைக்கிறேன். என் வயிற்றில் பிறந்தது சாப்பிடாது.

ஓய்தினுக்குப் பதினேழு முடியப் போகிறது. கோடையில் தொடங்கியது. பக்கத்து வீட்டு மஸ்தூரா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "அடியே சபோஹத், கொடி மாதிரி ஆயிட்டாளே உன் பொண்ணு! என்ன குடுக்கறே, என் மருமகளுக்கும் சொல்லேன்" என்றாள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்த அந்தச் சிரிப்பை நினைத்தால் வாயில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஜும்ரத்தை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன அன்று அவள் ரொட்டி கடித்தாளா? எங்கள் வீட்டில் தூரம் போகிறவர்கள் ஒரு கடி கடித்து வைத்துவிட்டுப் போவார்கள். மீதி ஆணியில் தொங்கும். திரும்பி வந்து அதைத் தின்ன வேண்டும். என் வீட்டுக்காரர் எர்கஷின் தம்பி பட்டாளத்துக்குப் போன அன்று ரயிலுக்கு நேரமாகிவிட்டது, கடிக்கவில்லை. அவன் திரும்பவில்லை. அதனால் இந்த வீட்டில் அது விளையாட்டு இல்லை. ஒருநாள் ஓய்தினையும் அனுப்ப வேண்டி வருமோ என்று நினைத்தால், எனக்கு முதலில் பயம் வருவது அந்த ஒரு கடியை நினைத்துத்தான்.

உன் அக்கா,
சபோஹத்


தாஷ்கண்ட்,
டிசம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம். இதையும் நீங்கள் பானை கழுவும்போதுதான் படிப்பீர்கள் என்று நினைக்கிறேன். தயவுசெய்து அதற்கு முன்னால் ஒரு கிண்ணம் சூப்பாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு வேளையும் அவள் பக்கத்தில் ஒருத்தர் உட்காருவோம். எதிரே உட்கார்ந்தால் நீதிமன்றம் மாதிரி இருக்கிறது என்றாள், அதனால் பக்கத்தில். சாப்பாட்டைத் தவிர வேறு எதையாவது பேசுவோம். எனக்குப் பேச்சு வராது என்பதால் அலுவலகத்தில் வரைந்த கால்வாய்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருப்பேன். "உன் கால்வாயெல்லாம் கேட்கறதுக்கு இந்தக் கஞ்சியே மேல்" என்று ஒருநாள் இரண்டு கரண்டி குடித்தாள். இன்னொரு நாள் அதே கஞ்சி என் முகத்தில் வந்து விழுந்தது. துடைத்துக்கொண்டு அடுத்த கிண்ணம் கொண்டுவந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான்.

ரொட்டி கேட்டிருந்தீர்கள். ஆம், கடித்தாள். வாசலில் நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு, ஓரத்தில் ஒரு சின்னக் கடி. அம்மா அதைத் துணியில் சுற்றி ஆணியில் மாட்டினார். மூன்று மாதம் கழித்து வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் அதை எடுத்து, தேநீரில் நனைத்து முழுவதையும் தின்றாள். நாங்கள் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதோம்.

கவலைப்படாதீர்கள்.
ஹுல்கர்


கோகந்த் அருகே,
ஜனவரி 9

தங்கச்சி,

கணவாயில் பனி கொட்டிப் பாதை அடைத்துவிட்டது என்று சோபிர் வராமல் இருந்தார். அது பாதிக் காரணம்தான். எழுத நல்லதாக ஒன்று கிடைக்கட்டும் என்று காத்திருந்தேன்.

உன் மாதிரியே பக்கத்தில் உட்கார்ந்தேன். பேச்சுக்கு நான் பஞ்சமில்லாதவள். வாத்தியார்களின் வீட்டுக் கதையெல்லாம் சொன்னேன். ஓய்தின் கரண்டியைச் சுழற்றிக்கொண்டே, "யாரும்மா உனக்கு இதெல்லாம் சொல்லித் தர்றது? டிவியா?" என்றாள். "ஏன், உங்கம்மாவுக்கு மூளை கிடையாதா?" என்றேன். சிரித்தாள். பாதிக் கிண்ணம் சூப்பு போயிற்று. இரண்டு வாரம் தினமும் பாதிக் கிண்ணம். ரொட்டிகூட எடுத்தாள். உனக்கு எழுத வேண்டியது கிடைத்துவிட்டது என்று காகிதம் வாங்கி வைத்தேன்.

நேற்று அவள் மெத்தைகளை வெயிலில் போட எடுத்தேன். தலையணை உறைக்குள் கல் மாதிரி ஏதோ. கொட்டினால் ரொட்டித் துண்டுகள். இரண்டு வாரத்து ரொட்டியும் அங்கே இருந்தது. நான் எழுந்துபோன நேரத்தில் சூப்பைக் குப்பையில் ஊற்ற அவளுக்குக் கை வந்திருக்கிறது, ரொட்டியை எறிய வரவில்லை. நான் வளர்த்த பிள்ளை. ஒவ்வொரு துண்டாக எடுத்து முத்தமிட்டு நெற்றியில் ஒற்றி முறத்தில் வைத்தேன். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ எழுதியதில் ஜும்ரத் தேநீரில் நனைத்துத் தின்றாளே, அந்த இடத்தைத்தான் தினமும் படிக்கிறேன். அந்தப் பக்கத்தை அடுப்படியில் மாவு டப்பாவுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

சபோஹத்


தாஷ்கண்ட்,
ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

சலாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஜும்ரத்தும் ஒளித்தாள். ஒளித்தது தெரிந்த அன்று நான் கத்தினேன். நீங்கள் கத்தவில்லை. என்னைவிட நன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

புத்தி சொல்லக் கூடாது என்றாலும் ஒன்றைமட்டும் சொல்ல எங்களுக்கு அனுமதி உண்டு. படியேறும்போது மூச்சு வாங்குகிறதா, எழுந்தால் கண் இருட்டுகிறதா என்று பாருங்கள். இதயத்தைப் பரிசோதித்துவிடுங்கள். இந்த நோய் இதயத்தைத்தான் சத்தமில்லாமல் தொடும் என்று மருத்துவர் சொல்வார். அப்படி ஏதும் இருந்தால் ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

அந்தப் பக்கத்தைத் தினமும் படிக்க வேண்டாம் அக்கா. அதில் ஒன்றுமில்லை.

ஹுல்கர்


கோகந்த் அருகே,
மார்ச் 6

தங்கச்சி ஹுல்கருக்கு,

சலாம். எல்லோரும் சுகமா?

பிப்ரவரி முழுக்க எழுதவில்லை. தினமும் ஒரு சண்டை, எந்தச் சண்டையை எழுதுவது. இப்போது நோன்பு. ஓய்தின் ரமலானுக்குப் பத்து நாள் முன்பே நோன்பைத் தொடங்கிவிட்டாள். ஊரே மெச்சுகிறது. மஸ்தூரா பேத்திகளை அழைத்து வந்து, "பாருங்கடி, ஓய்தின் அக்காவைப் பாருங்க. சாயங்காலமும் ரெண்டு பேரீச்சையோட எழுந்துடறா. சொர்க்கத்துக்கு நேரா போற பொண்ணு" என்று காட்டினாள். ஐயோ வாயை மூடு என்று கத்த நாக்கு வந்தது. நோன்பு வைக்காதே என்று மகளைத் தடுத்தவள் என்று பேர் வாங்க யாருக்குத் துணிச்சல் வரும்.

திங்கட்கிழமை குழாயடியில் விழுந்துவிட்டாள். குடத்தோடு. மாவட்ட மருத்துவர் இதயத்துடிப்பு எடுத்த காகிதச் சுருளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் பேசினார். தாஷ்கண்டுக்குப் போங்கள் என்றார். நானே எர்கஷின் தொலைபேசியில் மருத்துவர் மவ்லுதாவை அழைத்தேன். பதினான்காம் தேதி படுக்கை காலியாகிறது, அதுவரை இங்கே தினமும் ஊசி போடச் சொல்லியிருக்கிறார்.

எர்கஷும் சரியென்றுவிட்டார். தன் வேனிலேயே கூட்டிப்போவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை உன்னைப் பார்ப்பேன். உனக்கு என்ன பிடிக்கும்? பாதாமி வற்றல் கொண்டுவருகிறேன்.

சபோஹத்


தாஷ்கண்ட்,
மார்ச் 8

அக்கா,

சலாம். வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டேன். வார்டு வாசலில் சாம்பல் நிறச் சால்வையோடு நிற்பேன். ஜும்ரத்தும் வருகிறேன் என்கிறாள். அவளுக்கு வற்றல் பிடிக்கும், எனக்கும்தான்.

ஹுல்கர்


கோகந்த் அருகே,
மார்ச் 15

தங்கச்சி,

நேற்று நீ வாசலில் காத்திருந்திருப்பாய். மன்னித்துக்கொள்.

விடியும்போது எர்கஷ் வேனைக் கழுவி நிறுத்தியிருந்தார். நான் தந்தூர் அடுப்பிலிருந்து முதல் ரொட்டியை எடுத்து, நடுவில் பூமுத்திரை நன்றாக விழுந்ததைப் பார்த்து, அவளிடம் நீட்டினேன்.

"நோன்பு வெச்சிருக்கேன்மா."

"நோயாளிக்கும் நோன்பு இல்ல, பயணம் போறவங்களுக்கும் இல்ல" என்றார் எர்கஷ். "ஒரு கடி, ஓய்தின். தின்னக்கூட வேண்டாம். பல்லு பட்டாப் போதும்."

"சாயங்காலம்."

"சரி. சாயங்காலம் கடி, போலாம்."

சாயங்காலம் உதட்டுக்குப் பக்கத்தில் பிடித்தேன். பல்லை இறுக்கிக்கொண்டாள். கண்ணிலிருந்து மட்டும் நீர் வந்துகொண்டிருந்தது. வார்டிலிருந்து அழைத்தார்கள். "ரெண்டு நாள்ல கொண்டு வரோம் டாக்டரம்மா, ஒரு வீட்டு விஷயம்" என்று எர்கஷ் சொல்லிவிட்டார். நான் கெஞ்சினேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "என் தம்பியை வண்டியில ஏத்தினது நான்தான், சபோஹத். நேரமாச்சு, பரவாயில்ல போடான்னு சொன்னதும் நான்தான். இன்னொரு தடவை என்னால முடியாது" என்றார். இருபத்தாறு வருடத்தில் அவர் தம்பியைப் பற்றி என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

எனக்கு அவரைத் திட்ட மனம் வரவில்லை. உன் ஜும்ரத் கடித்தாளே, திரும்பினாளே. ஓய்தினிடமும் அதைச் சொன்னேன். "அந்தப் பொண்ணும் உன்னை மாதிரிதான். கடிச்சா, பொழைச்சா. உன்னால முடியாதா?" அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடித்துவிடுவாள். நாளைக்கு, இல்லாவிட்டால் மறுநாள். எழுந்து நிற்கத்தான் சிரமப்படுகிறாள்.

சபோஹத்


தாஷ்கண்ட்,
மார்ச் 19, புதன்

அக்கா,

நலம் விசாரிக்காமல் தொடங்குவதை மன்னியுங்கள்.

ஜும்ரத் ரொட்டியைக் கடிக்கவில்லை. நான் கடித்தேன்.

கீழே கார் நின்றது. அவள் வாயைத் திறக்கவே இல்லை. அம்மா சால்வை எடுக்க உள்ளே போனார். நான் ரொட்டியைத் திருப்பிப் பிடித்து ஓரத்தைக் கடித்துவிட்டு, "அம்மா, கடிச்சிட்டா" என்றேன். ஜும்ரத் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அம்மா அப்பா நம்பும் கதை அது. அவள் தேநீரில் நனைத்துத் தின்றதும் கிடையாது. வீட்டுக்கு வந்தவள் ஆணியைப் பார்த்துவிட்டு என் காதருகே, "இது உன் பல்லு" என்றாள். மறுநாள் நாங்கள் இருவரும் அதைப் பொடித்துக் குருவிகளுக்குப் போட்டோம். அவ்வளவுதான் நடந்தது. நீங்கள் கேட்டபோது உங்களுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று, நன்றாக இருக்கிற கதையை எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. இன்று புதன். ஞாயிறன்றே உங்கள் வீட்டு எண்ணுக்கு அழைத்தேன். எர்கஷ் அண்ணன் எடுத்து "யாரு?" என்றார். "யாருங்க, பேசுங்க" என்றார். எனக்குக் குரல் வரவில்லை. வைத்துவிட்டேன். மருத்துவரிடம் போனால் என் பொய்யும் தெரிந்துவிடுமே என்று இரண்டு நாள் போகவில்லை. இன்று காலையில் ஜும்ரத் உங்கள் கடிதத்தைப் படித்தாள். "நீ போறியா, நான் போகட்டுமா?" என்றாள். போய்ச் சொல்லிவிட்டேன். மருத்துவர் மதியம் முழுக்க உங்கள் எண்ணுக்கு அழைக்கிறார். அணைத்து வைத்திருக்கிறது.

சோபிர் அண்ணன் விடியற்காலை கிளம்புகிறார். யாரும் கடிக்க வேண்டாம் அக்கா. இல்லை, நீங்களே கடித்துவிடுங்கள். புறப்படுங்கள்.

ஹுல்கர்


கோகந்த் அருகே,
மே 12

ஹுல்கருக்கு,

ஓய்தினின் நாற்பதாம் நாள் முடிந்தது. உறவினர்களின் பாத்திரங்களை எல்லாம் திருப்பிக் கொடுத்தாயிற்று. இனி யாரும் வரமாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

வார்டில் ஒன்பது நாளும் நீ வாசலில் நின்றாய். நான் உன்னிடம் பேசவில்லை. வாய் வரவில்லை. நீயும் பேசவில்லை, உனக்கு என்றைக்குத்தான் வந்தது. அதற்கு முன், உன் கடிதம் வந்த அன்று என்ன நடந்தது என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

உன் கடிதத்தைச் சமையலறைப் பின்புறம் நின்று படித்தேன். ஏப்ரனோடு வீட்டுக்கு ஓடினேன். ரொட்டி ஆறு நாளில் பலகையாகியிருந்தது. கடிக்கும்போது ஈறு கிழிந்தது. அதை எடுத்துக்கொண்டு எர்கஷிடம் போய், "கடிச்சிட்டா" என்றேன்.

வாங்கிப் பார்த்தார். என் பல்லுக்கு நடுவே சந்து இருப்பது ஊருக்கே தெரியும். ரொட்டியின் ஓரத்தில் இரண்டு பல் தடம், நடுவில் ஒரு மேடு, கொஞ்சம் ரத்தம். அவர் அதன்மேல் கட்டைவிரலை வைத்து ரொம்ப நேரம் நின்றார். பிறகு துணியில் சுற்றி ஆணியில் மாட்டினார். சாவியை எடுத்தார். கணவாய் தாண்டும்வரை வேனை எங்கும் நிறுத்தவில்லை. முதல் நாளே நான் பொய் சொல்லியிருந்தாலும் அவர் சாவியை எடுத்திருப்பார். அவருக்கு வேண்டியிருந்தது யாராவது அதைச் சொல்வதுதான். அது எனக்குத் தெரியாமல் போயிற்று.

பதினான்காம் தேதியே வந்திருந்தால் என்று மருத்துவர் மவ்லுதாவிடம் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

உன்மேல் கோபமா என்று கேட்காதே. சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. மாவு டப்பாவுக்குக் கீழே வைத்திருந்த உன் அந்த ஒரு பக்கத்தைத் தந்தூரில் போட்டுவிட்டேன். கடைசிக் கடிதத்தை வைத்திருக்கிறேன்.

ரொட்டி இன்னும் ஆணியில்தான் இருக்கிறது. எடுக்க அவர் விடவில்லை.

ஒரு வேலை வேண்டும். முந்நூற்று இருபது தட்டுக்கு அப்புறமும் கை சும்மா இருக்கிறது. உன் மருத்துவரிடம் கேள், நானும் வழித்துணையாக எழுதலாமா என்று.

சபோஹத்


தாஷ்கண்ட்,
மே 20

மதிப்புக்குரிய சபோஹத் அக்காவுக்கு,

சலாம். இன்று சாப்பிட்டீர்களா? எர்கஷ் அண்ணன் சாப்பிட்டாரா?

மன்னிப்புக் கேட்க எத்தனையோ தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தச் சுமையையும் உங்கள்மேல் வைக்க விரும்பவில்லை.

மருத்துவர் என்னிடம் சொன்னது இது: "பொய் சொன்னது தப்பு. மூணு நாள் எங்கிட்ட வராம இருந்தது அதைவிடப் பெரிய தப்பு." கடிதம் எழுத எனக்கு இப்போது யாரையும் தரவில்லை. அதுதான் சரி. இப்போது தினமும் ஒரு முறை யாரையாவது தொலைபேசியில் அழைத்துப் பேசிப் பழகுகிறேன். மின்சார அலுவலகம், ரயில் விசாரணை. ஜும்ரத் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள்.

உங்கள் கேள்வியை மருத்துவரிடம் கேட்டேன். "பொழைச்சவங்க வீட்டு ஆளுங்களைத்தான் இதுவரைக்கும் வெச்சிருக்கோம். இவங்க கடுதாசி வந்தா அம்மாங்க பயந்துடுவாங்களே" என்றார். தெர்மேஸ் ஊரில் ஒரு அம்மா இருக்கிறாராம். மகளை அழைத்துவரத் தேதி கொடுத்து மூன்று முறை தள்ளிப்போட்டுவிட்டாராம். அவர் பெயரைச் சொல்லவில்லை.

ஹுல்கர்


கோகந்த் அருகே,
ஜூன் 4

தங்கச்சி,

சாப்பிட்டேன். அவரும் சாப்பிட்டார்.

பயந்துவிடுவார்கள் என்கிறாயே, பயப்படட்டும். நான் பயப்பட வேண்டிய நேரத்தில் ஆறுதலாக இருந்துவிட்டேன்.

அந்தத் தெர்மேஸ்காரிக்கு எழுதிய தாளை இதோடு வைத்திருக்கிறேன். மருத்துவரிடம் காட்டு. வேண்டாம் என்றால் கிழித்துவிடட்டும். தபாலில் போட வேண்டாம், காரில் கொடுத்து அனுப்பு. நீயே அழைத்து, வந்து சேர்ந்ததா என்று கேள். குரல் வராவிட்டாலும் வைத்துவிடாதே, வரும்வரை பிடித்துக்கொண்டிரு.

சபோஹத்


பெயர் தெரியாத தங்கச்சிக்கு,

நீ சாப்பிட்டாயா? உன்னைத்தான் கேட்கிறேன்.

என் பெயர் சபோஹத். பள்ளிக்கூடத்தில் சமைக்கிறேன். என் மகள் ஓய்தின் பிழைக்கவில்லை. பிறகு யாராவது சொல்லித் தெரிந்து நீ இதைக் கிழித்துப்போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் வாசலில் வேன் ஆறு நாள் நின்றது. எதற்காக என்று உனக்குத் தெரிந்திருக்கும், உன் வீட்டுச் சுவரிலும் ஒரு ஆணி இருக்கும். ரொட்டியை நீ கடி. உன் வீட்டுக்காரர் கண்டுபிடித்துவிடுவார், ஒன்றும் சொல்லமாட்டார்.

இந்தத் தாளுக்கு மறுபக்கமும் எழுதியிருக்கிறேன். அதை வண்டியில் போகும்போது படித்துக்கொள்.